மாமாவின் விரதத்துக்குக் காவல் போனேன்

அன்று என் மாமா என் அம்மாவிடம் பொய் சொன்னது எனக்காகவா, தனக்காகவா? பதினேழு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு பதில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அது மாறியது. இப்போது எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இருந்த பதில்களும் போய்விட்டன. சீனப் புத்தாண்டு விடுமுறைக்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் குடியிருந்தோம். அம்மா, அப்பா, நான், அம்மாவின் ஒரே தம்பியான மாமா. மாமாவுக்கு இருபத்துநாலு வயது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. கெட்டிக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், எதற்கும் பயப்பட மாட்டார், ஊசியைத் தவிர. துறைமுகத்தில் எல்லோருக்கும் அம்மை ஊசி போட்ட வருடம் மாமாவின் பெயருக்கு நேராகச் 'சரி' என்று குறி இருந்தது. மாமாவின் கையில் தழும்பு இல்லை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரின் கையில் மட்டும் இரண்டு தழும்பு இருந்தது.

இப்படிப்பட்ட மாமாவுக்கு, எனக்கு ஏழு வயதிருக்கும்போது விஷக்காய்ச்சல் வந்தது. நினைவில்லாமல் கிடந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டதாக அம்மா இன்றும் சொல்வாள். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று அப்பா இன்றும் சொல்வார். எப்படியோ, அம்மா அந்தப் பயத்தில் டேங்க் ரோட்டு முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தம்பி பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பான். நேர்ந்துகொண்டது அம்மா, குத்திக்கொள்ள வேண்டியது மாமா. இதில் ஏதோ இடிக்கிறதே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் அப்போது மயக்கத்தில் இருந்தார்.

முதல் தைப்பூசத்தில் உடம்பு தேறவில்லை என்று சொல்லி மாமா தப்பித்தார். அந்த வருடம் அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ச் சாலையோரம் நின்றாள். ஒரு வாலிபர் கன்னத்தில் வேலோடு எங்களைக் கடந்து போனபோது அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. வலித்தது. பக்தி மிகுந்தால் அப்படித்தான் இறுக்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கியது. விரதம் மாமாவுக்குத்தான் என்றாலும் எங்கள் அடுப்பு ஒன்று. அதனால் வீடு முழுவதற்கும் விரதம். கருவாட்டு டப்பா கூடப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. நான் மீன் இல்லாமல் சோறு இறங்காத பெண். பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் சாயங்கால வேளைகளில், பாடம் படிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்மாடிப் படியில் போய் உட்காருவேன். ஒரு பக்கமும் புரட்டியதில்லை.

விரதத்தின் நான்காவது வாரத்தில், மாமா படகில் போகப் போவதாகச் சொன்னார்.

கிட்டங்கியின் காவல்காரர் ஒரு மலாய்க்காரர். நாம் சித்தப்பா என்பதுபோல் அவர்கள் பாக்சிக் என்பார்கள். எங்களுக்கும் அவர் பாக்சிக்தான். பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் அவருக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. மாதம் ஒருமுறை அதில் தீவு தீவாக நின்று, வழியெல்லாம் மீன் பிடித்துக்கொண்டு, சூடோங் தீவில் இருக்கும் தம் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். மாமா விடாமல் கூடப் போவார். இந்த மாதமும் போக வேண்டும் என்று மாமா அம்மாவின் முன்னால் வந்து நின்றார். பிடிக்க மட்டும்தான் போகிறேன், தின்ன மாட்டேன் என்றார்.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார். "தூண்டில்ல வந்த மீனை என்ன செய்வே? கும்பிட்டுட்டுத் திரும்ப விட்டுருவியா?"

அம்மாவுக்குத் தம்பியைத் தடுக்கவும் மனம் வரவில்லை, நம்பவும் முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவள் பார்வை என் மேல் விழுந்தது.

"நீயும் கூடப் போ. மாமா வாயில என்ன போவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

இப்போது யோசித்துப் பாருங்கள். நீந்தத் தெரியாத ஒன்பது வயதுப் பெண்ணைச் சின்னப் படகில் கடலுக்கு அனுப்ப அம்மாவுக்குப் பயமே இல்லை. அவள் பயமெல்லாம் மீன் மேல். தட்டில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். மாமா என்ன சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்வேன், பொய் சொன்னால் என் கண் போகட்டும். அணைத்தேன். கை சுட்டது. பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். நான்கு அடுக்கு டிபன் கேரியரில் அம்மா இரண்டு நாள் சாப்பாடு கட்டியிருந்தாள். ஓர் அடுக்கில் இட்லி, இரண்டில் புளியோதரை, ஒன்றில் தயிர்சோறு. அதை மடியில் வைத்துக்கொண்டு படகின் நடுவில் உட்கார்ந்தேன். படகின் பாய் கோதுமை மாவுச் சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அதில் பாதி அழிந்த சேவல் படம் ஒன்று இருந்தது. காற்று நிரம்பினால் சேவல் நெஞ்சை நிமிர்த்தும், காற்று குறைந்தால் சுருங்கி வாடும். பாக்சிக் பாயைப் பார்த்து ஓட்டினார், நான் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டியதும் கடலின் நிறமே மாறியது. சின்னச் சின்னத் தீவுகள். சிலவற்றில் நாலு தென்னைமரம், சிலவற்றில் அதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, நங்கூரக் கல்லைப் போட்டு, தூண்டில் வீசினார்கள். நான் கேட்கும் தீவுக்கெல்லாம் பாக்சிக் ஒரு பெயர் சொல்வார். மாமா இன்னொரு பெயர் சொல்வார். மாமா சொன்ன பெயர்கள் எல்லாம் அவர் அப்போதே உண்டாக்கியவை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் பூகோளப் பரீட்சையில் இரண்டை எழுதிவிட்டேன்.

பாக்சிக்கின் தூண்டிலில் மீன் வந்தது. மாமாவின் தூண்டிலில் இறால் மட்டும் காணாமல் போனது. மத்தியானத்துக்குள் இரை தீர்ந்துவிட்டது. மாமா படகெல்லாம் தேடினார், பிறகு என் மடியைப் பார்த்தார்.

நான் டிபன் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமா அமைதியாக எடுத்துச் சொன்னார். என் உத்தியோகம் அவர் வாயில் என்ன போகிறது என்று பார்ப்பது. இட்லி அவர் வாயில் போகப் போவதில்லை, மீன் வாயில்தான் போகப் போகிறது. சத்தியத்தை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் மீனின் வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தேன்.

அம்மாவின் இட்லிக்கு ஓரா மீன்கள் வந்த வேகத்தைப் பார்த்து பாக்சிக்கே அசந்துபோனார். தைப்பூசத்தை ஒட்டிய அந்த மாதங்களில் ஓரா மீன் வயிறு நிறையச் சினையோடு திரியும். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டார்கள். உங்கள் அக்காவின் இந்தப் பலகாரம் எப்படிச் செய்வது என்று பாக்சிக் கேட்க, மாமா உளுந்தைப் பற்றி மலாயில் விளக்கிக்கொண்டே ஒரு மீனைப் பார்க்காமல் இடது கையால் பிடித்துவிட்டார். ஓராவின் முதுகு முள் விஷமுள்ளது. இரண்டு விரலில் ஏறிவிட்டது. ஊசிக்குப் பயந்த மாமா அன்று போட்ட சத்தத்தில், பக்கத்துத் தீவின் கொக்குகள் எழுந்து பறந்தன.

சூடோங் போய்ச் சேரும்போது மாமாவின் இடது கை பன் ரொட்டிபோல் வீங்கியிருந்தது. தண்ணீருக்குமேல் கால் ஊன்றி நின்ற மரவீடு பாக்சிக்கின் அக்கா வீடு. படியில் நின்ற அந்த அம்மா முதலில் மாமாவின் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பாக்சிக்கைத் திட்ட ஆரம்பித்தார். பாக்சிக்குக்கு ஐம்பது வயது, நரைத்த தாடி. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு மலாய் அரைகுறைதான். ஆனாலும் அந்தக் குரல் முழுக்கப் புரிந்தது. எங்கள் வீட்டுக் குரல்தான். மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த அம்மா மாமாவின் கையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, துணி சுற்றிவிட்டார். அன்றிரவு புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கினோம்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் வாக்கு. விடிந்ததும் புறப்பட்டோம். போகும்போது தள்ளிவிட்ட அதே வடக்குக் காற்று, வரும்போது முகத்துக்கு நேராக நின்றது. பாக்சிக் பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் குறுக்கே குறுக்கே ஓட்டிப் பார்த்தார். நீரோட்டமும் எங்களுக்கு எதிர்க்கட்சி. மூன்று மணி நேரம் பாடுபட்ட பிறகு, காலையில் எங்களை வழியனுப்பிய தென்னைமரமே எங்களை வரவேற்றது. மறுபடி சூடோங். மாமா தயிர்சோற்று அடுக்கைத் திறந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, கடலில் கவிழ்த்தார். டிபன் கேரியர் காலி. இட்லி போன வழிதான் எல்லோருக்கும் தெரியுமே.

பாக்சிக்கின் அக்கா எங்களுக்குச் சோறு போட்டார். கூடவே, மிளகாய் விழுது பூசிப் பொரித்த ஓரா மீன். முந்தின நாள் நாங்கள் பிடித்தவை. தோல் மொறுமொறுவென்று, வயிறு வெடித்துச் சினை எட்டிப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில் காங்கோங் கீரை.

மாமா விரதத்தைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்தது. அவர்களுக்கும் நோன்பு உண்டே. பாக்சிக் மாமாவின் பக்கம் சாய்ந்து, தங்கள் மார்க்கத்தில் பயணத்தில் இருப்பவருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு, விட்ட நாளைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்றார். மாமா மீனை ஒருமுறை பார்த்தார்.

"எங்க சாமிகிட்ட அந்த ஏற்பாடு இருக்கான்னு எங்க அக்காவைத்தான் கேக்கணும்," என்றார். அதைச் சொன்ன தமிழ் பாக்சிக்குக்குப் புரியவில்லை, எனக்குத்தான் புரிந்தது.

கீரையை எடுக்கப்போன மாமாவை அந்த அம்மாவே தடுத்தார். அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்த்திருந்தாராம். மாமா கையை இழுத்துக்கொண்டார். வெறும் சோற்றில் உப்பைத் தூவி, ஒரு வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். நான் இமைக்காமல் காவல் காத்தேன். அவர் வாயில் சோறும் பழமும் தவிர ஒன்றும் போகவில்லை. அவர் கண்தான் விரதத்தில் இல்லை.

என் தட்டிலும் ஒரு மீன் இருந்தது. நான் சத்தியத்தை மறுபடி மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். மாமா என்ன சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்வேன். மாமா. என் பெயர் அதில் எங்குமே வரவில்லை. நாலு வாரமாகப் பின்மாடிப் படியில் வாசனையை மட்டும் சாப்பிட்டவள் நான். மீனைத் தொட்டேன், மாமாவைப் பார்த்தேன்.

அவர் தின் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வீங்காத வலது கையால் முள்ளைப் பிரித்தெடுத்து, சதையை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"முள் பாத்துத் தின்னு, பாப்பா."

ஒன்று தின்றேன். அவர் இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவது. நான்காவது. மாமா கடைசிவரை விரலை நக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கடமை தவறவில்லை. போதும் என்று எழுந்தபோது, பொரித்த சினைத் துண்டு ஒன்றை வாழையிலைக் கிழிசலில் சுற்றி என் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளியில் சிநேகிதிக்குக் காட்டலாம் என்று எண்ணம்.

பாக்சிக்கின் அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டார். மாமாவால் கழுவ முடியவில்லை. ஒரு கையை இன்னொரு கைதானே தேய்க்க வேண்டும். இடது கைதான் துணிப் பொதிக்குள் இருந்ததே. வலது கையைத் தண்ணீரில் முக்கி உதறியதோடு சரி.

மத்தியானம் தாண்டிக் காற்று திசை மாறியது. சேவல் மறுபடி நெஞ்சை நிமிர்த்தியது.

பாசிர் பாஞ்சாங் கரை தெரிந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு குடை தெரிந்தது. வெயில் போய் வெகுநேரம் ஆகியும் மடக்காத குடை. அதன் கீழே அம்மா. மத்தியானத்திலிருந்து அப்படியே நின்றாளாம். கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் மேல் அப்பா கச்சான் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பதற்றத்தை அப்படித்தான் காட்டுவார். தோல் குவியல் முழங்கால் உயரம் இருந்தது.

அம்மா சேலை நனைய இறங்கி வந்து என்னைத் தூக்கினாள். ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலையைத் தடவினாள், காதைத் தடவினாள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். இறக்கிவிட்டு மாமாவிடம் திரும்பினாள். இடது கைக் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஓரா முள் என்றார் மாமா. முருகனே வேலை எடுத்துக் குத்தியிருக்கிறார் என்றாள் அம்மா. ஆறுதல் சொல்வதற்காகத்தான் மாமாவின் மற்றக் கையைப் பிடித்தாள் என்று நினைக்கிறேன். பிடித்தவள் நின்றாள். அந்தக் கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள்.

பச்சை மீனுக்கும் பொரித்த மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவளா என் அம்மா?

"என்னடா இது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நான்தான் தின்றேன், மாமா முள் எடுத்துக்கொடுத்தார். அது வாய்வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. நாற்பத்தெட்டு நாள் விரதத்தையும், விஷக்காய்ச்சலில் பிழைத்த தம்பியையும், முருகனையும் ஒரே நேரத்தில் நான் கவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது.

"தின்னுட்டேன்க்கா," என்றார் மாமா.

"எத்தனை?"

"நாலு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "மாமா சொல்றது நெசமா?"

கற்பூரம் சுட்ட உள்ளங்கையைக் கவுனில் துடைத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் திரும்பினோம். வழியில் அப்பா மீதிக் கச்சானை எனக்குக் கொடுத்தார். வீட்டில் அம்மா என்னைத் தலைமுழுக வைத்தாள், என் கவுனைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு பின்மாடிப் பக்கம் போனால், மாமா படியில் உட்கார்ந்து மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்தார். விரதம் முறிந்த துக்கத்தில் ஒருவர் அடிக்கும் விசில் மாதிரி அது இல்லை. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அம்மா கோயிலுக்குப் போய் வந்து தீர்ப்பைச் சொன்னாள். விரதம் முறிந்துவிட்டதால் இந்த வருடம் காவடி இல்லை. அடுத்த வருடம் பால்குடம் எடுத்தால் போதும். அலகு வேண்டவே வேண்டாம், வாயைக் கட்டத் தெரியாதவன் வாயில் வேல் ஏறக் கூடாது. குருக்கள் அப்படியா சொன்னார் என்று அப்பா கேட்டார். அப்படித்தான் சொன்னார் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வருடம் மாமா ஒழுங்காக விரதமிருந்து பால்குடம் எடுத்தார். யாரும் காவல் இருக்கவில்லை.

நான் கண் போவதற்காகக் காத்திருந்தேன். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி, சுவரிலிருந்த நாள்காட்டியின் எண்ணைப் படித்துப் பார்ப்பேன். அந்த வருடக் கடைசியில் எண் மங்கியது. பள்ளியில் கண் பரிசோதித்த டாக்டர் கிட்டப்பார்வை என்று கண்ணாடி எழுதிக்கொடுத்தார். புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிப்பதால் வருவது என்று அம்மாவிடம் விளக்கினார். எனக்கு உண்மைக் காரணம் தெரியும். அவர் படித்தவர், அவரிடம் போய்க் கற்பூரத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா?

மாமாவுக்கோ அந்த நாலு மீன் பட்டப்பெயரே ஆகிவிட்டது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வரும் சொந்தக்காரர்களிடம் அம்மா அந்தக் கதையைச் சொல்வாள். மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொல்லிவிட்டாள். பெண் வீட்டார் ஒரு வாரம் யோசித்துத்தான் சம்மதம் சொன்னார்கள். மாமா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார், ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. என்மேல் வைத்த பிரியம் அது என்று பள்ளிக்கூட நாட்களில் உருகிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் இதை என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒன்று கேட்டார்.

"ஊசிக்கு ஆளை மாத்தி அனுப்பினவர், அலகுக்கு வழி தேடாம இருந்திருப்பாரா?"

அதற்குப் பிறகு அந்த விசில் சத்தம் என் காதில் வேறு மாதிரி கேட்டது. ஆனால் தனக்காகச் சொன்ன பொய் என்றால், ஒன்று என்று சொல்லியிருக்கலாமே. எண்ணிக்கை தவறாமல் நாலு என்று ஏன் சொல்ல வேண்டும்? என் நாலையும் அப்படியே எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொண்டாரே. இப்படி மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன், போன மாதம்வரை.

போன மாதம் மகளின் பள்ளிச் சட்டையை ஊறவைக்கப் போனேன். வாளியில் போடும் முன் வழக்கம்போல் பைக்குள் கைவிட்டேன். பாதி உருகிய மிட்டாய் ஒன்று விரலில் ஒட்டியது. ஒட்டிய விரலோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கவுன் துவைத்துக் காய்ந்து, தேய்த்து மடித்து என்னிடம் வந்தபோது அதன் பை திறக்கவில்லை. வாய் முழுவதும் நெருக்கமாகத் தையல் போட்டு மூடியிருந்தது. கிழிந்திருக்கும், அம்மா தைத்திருப்பாள் என்று நினைத்தேன். கிழிந்த பையை ஓரத்தில் தைப்பார்கள், வாயில் தைக்க மாட்டார்கள். இது தெரிய எனக்குப் பதினேழு வருடம் ஆகியிருக்கிறது. அந்தச் சினைத் துண்டை வழியில் தின்றேனா, கடலில் விழுந்ததா, பையிலேயே இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் துணியை நனைக்கும் முன் பைக்குள் கைவிட்டுப் பார்க்காத அம்மா உண்டா?

மீனைத் தின்றது நான்தான் என்று தெரிந்திருந்தால் ஏன் என்னைக் கேட்கவில்லை? விரதம் முறியவில்லை என்று தெரிந்தும் ஏன் கோயிலுக்குப் போய் முறிந்தது என்றாள்? அப்போதுதான் அந்தச் சாலையோரத்தில் என் தோளை இறுக்கிய கை நினைவுக்கு வந்தது. நேர்ந்துகொண்டவள் அவள். அவளாக அதைத் திரும்பப் பெற முடியாது. யாராவது கெடுத்தால்தான் உண்டு.

ஒன்பது வயதில் நான்தான் அம்மாவையும் முருகனையும் ஏமாற்றியதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

இப்போது என் சங்கடத்துக்கு வருகிறேன். பாக்சிக்கின் படகு இப்போது மாமாவிடம் இருக்கிறது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் என் மகளைத் தீவுகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று போன ஞாயிறு குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். மகள் குதிக்கிறாள். நான் மிதவைச் சட்டை, தலைவலி மருந்து, ஒரு விசில், இரண்டு துண்டு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். தினமும் ஒன்று கூடுகிறது. அம்மாவும் அன்று அங்கே இருந்தாள். பேத்தியை மடியில் இழுத்து, மாமாவைக் காட்டி, தாத்தா வாயில என்ன போவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகமாகச் சிரித்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கும் இப்போது பார்வை மங்கல்தான்.

அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? அவளுக்குத் தெரியாது என்றால் இத்தனை வருடப் பொய் அவளை நோகச் செய்யும். தெரியும் என்றால், அவள் பத்திரமாகத் தைத்து மூடியதை நான் பிரித்ததாகிவிடும். இரவில் ஒன்று சரியென்று படுகிறது, காலையில் மற்றது. பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்தால் இரண்டு வரி எழுதுங்கள். மகளுக்குப் படகுப் பயணத்துக்கென்று புதுக் கவுன் ஒன்று தைத்திருக்கிறேன். முன்பக்கம் பெரிதாக ஒரு பை கேட்டாள், வைத்திருக்கிறேன். அதைத் தைத்து மூடி அனுப்பவா, திறந்தே விடவா?